கணவன் மனைவி வருஷக் கணக்கு: யார் எவ்வளவு போடுவது, எதில் எழுதுவது, எதில் சேர்ப்பது

வருஷத்துக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து "இந்த வருஷம் இதை முடிச்சிடணும்" என்று பேசாத கணவன் மனைவி இல்லை. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், பேங்கில் அடகு இருக்கும் வளையல், அம்மாவின் கண் ஆபரேஷன், பத்து வருஷம் ஓடிய வண்டியை மாற்றுவது என்று பட்டியல் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பேச்சு பொங்கல் லீவில் நடக்கும், மாசி பிறப்பதற்குள் ஆளுக்கொரு வேலையில் மறந்தும் போகும். மறக்காமல் இருக்க என்ன வழி என்று கேட்டால் ஒருவர் நோட்டு போடு என்பார், ஒருவர் ஷீட் போடு என்பார், இன்னொருவர் ஆப் இறக்கு, சீட்டு கட்டு, தனி அக்கவுன்ட் தொடங்கு என்று அடுக்குவார். இதில் பாதி பணத்தை எழுதி வைக்கும் வழி, பாதி பணத்தை ஒதுக்கி வைக்கும் வழி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் மூன்று மாதம் ஒழுங்காக எழுதியும் கையில் ஒன்றும் நிற்பதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம் வந்த வாரத்திலேயே இலக்குக்கான பணம் செலவு அக்கவுன்ட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும், அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் மாதம் ஒரு தடவை இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். தினசரிச் செலவை எழுதினால் நல்லது, எழுதாவிட்டாலும் குடி முழுகிப் போகாது.

யார் எவ்வளவு போடுவது

நிஜமான சண்டை வருவது இங்கேதான், அதனால் இதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கணக்குக்குக் கணவருக்குச் சம்பளம் 45,000, மனைவிக்கு 30,000, மொத்தம் 75,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, மளிகை, பால், பெட்ரோல், கரன்ட் பில் எல்லாம் சேர்த்துப் பொதுச் செலவு 45,000. வருஷ இலக்குகளுக்கு மாதம் 15,000. ஆக இருவரும் சேர்ந்து 60,000 போட்டாக வேண்டும்.

பாதிப் பாதி என்றால் ஆளுக்கு 30,000. மனைவியின் சம்பளம் அத்தோடு முடிந்தது, பஸ்ஸுக்குக்கூட மிச்சமில்லை. கணவர் கையில் 15,000 நிற்கும். சமமாகப் போடுகிறோம் என்ற பெயரில் இப்படி நடக்கும் வீடுகள் நிறைய உண்டு. சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் இருவருக்கு மட்டும்தான் இது சரிப்படும்.

சம்பள விகிதப்படி என்றால் 60-க்கு 40. கணவர் 36,000, மனைவி 24,000. மிச்சம் 9,000, 6,000. இருவருக்கும் அவரவர் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கையில் நிற்கிறது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், தனித்தனி கடனோடு வந்தவர்கள், இன்னும் ஒருவர் பண விஷயம் இன்னொருவருக்குப் பிடிபடாதவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. சம்பளம் மாறும்போது விகிதத்தையும் மாற்ற வேண்டும், அதை யாரும் செய்வதில்லை என்பது மட்டும்தான் இதில் உள்ள சிக்கல்.

மூன்றாவது வழி, 75,000-மும் ஒரே குடத்தில். 60,000 போக மிச்சம் 15,000-ஐ ஆளுக்கு 7,500 என்று பிரித்துக்கொள்வது, அதற்குக் கணக்குக் கேட்பதில்லை என்று பேசிக்கொள்வது. பிள்ளை பிறந்த வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரண்டு வருஷம் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு திரும்பப் போகிறவருக்குச் சம்பளம் ஏன் குறைவாக இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும், அந்தக் குறைவை அவர் ஒருவர் தலையிலேயே கட்டி மாதாமாதம் விகிதம் போட்டுக் காட்டுவது நியாயமில்லை.

எந்த வழியாக இருந்தாலும் ஒன்று: ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணம், அவர் பக்கமானாலும் இவர் பக்கமானாலும், பொதுச் செலவின் முதல் வரியில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். அதைச் சொந்தச் செலவுப் பணத்திலிருந்து ரகசியமாக அனுப்புகிற நிலையை வைத்துக்கொண்டு எந்த வருஷக் கணக்கும் நேராக நிற்காது. கணவரின் அப்பாவுக்குப் போவது கடமை, மனைவியின் அப்பாவுக்குப் போவது உதவி என்று ஒரு பேச்சு நம் ஊரில் இன்னும் இருக்கிறது. நோட்டில் இரண்டுக்கும் ஒரே வரி, ஒரே பெயர் இருக்கட்டும்.

ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீடு வேறு கதை. அங்கே வீட்டில் இருப்பவர் பெயரில் ஓர் இலக்காவது இருக்க வேண்டும், அது அவர் கையெழுத்தில் அல்லது அவர் போனில் நடக்க வேண்டும். வரிக்காக இதைச் செய்வதில் பயனில்லை, ஏனென்றால் கணவர் கொடுத்த பணத்தை மனைவி பெயரில் டெபாசிட் போட்டால் அந்த வட்டி வருமான வரிக் கணக்கில் கணவர் வருமானத்தோடுதான் சேரும். வீட்டில் இருப்பவர் கையிலும் பணம் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய தமிழக அரசின் மகளிர் உரிமைத் தொகை பெண்களின் கணக்கிலேயே நேராக விழுகிறது. அதை மளிகைக்குச் சேர்த்துக்கொள்ளாமல் அவர் பெயரில் ஓர் ஆர்.டி.யாக (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் டெபாசிட்) ஓடவிட முடிந்தால் நல்ல தொடக்கம். சிறுவாட்டை மட்டும் கணக்கில் இழுக்காதீர்கள். 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு 500, 1,000 நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது எத்தனையோ வீடுகளில் அரிசிப் பானைக்குள் இருந்தது வெளியே வந்தது, அதைப் பார்த்து வீட்டில் கேலியும் நடந்தது, கோபமும் வந்தது. அந்தப் பணம் பல குடும்பங்களுக்கு ஆபத்துக்கு உதவிய பணம். அதை ரொக்கமாக வைப்பதைவிட அவர் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில் வைப்பது பாதுகாப்பு என்று சொல்லலாம், எவ்வளவு என்று கேட்க வேண்டாம்.

வருஷம் எப்போது பிறக்கிறது

ஜனவரியா, சித்திரையா, ஏப்ரலா? டைரி ஜனவரியில் வருகிறது என்பதைத் தவிர ஜனவரிக்கு வேறு காரணம் இல்லை. ஏப்ரல் 1 தான் வசதி. இன்கிரிமென்ட் பல இடங்களில் அதை ஒட்டி வருகிறது, பேங்க் வட்டிக் கணக்கும் வரிக் கணக்கும் மார்ச் 31-ல் முடிகிறது, வீட்டு வரியின் முதல் அரையாண்டும் ஏப்ரலில் தொடங்குகிறது. பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் 5 முக்கியமான தேதி. 5-ம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி, அதனால் வருஷப் பணத்தை மொத்தமாகப் போடுகிறவர் 5-க்குள் போட்டுவிட்டால் பன்னிரண்டு மாத வட்டியும் முழுதாகக் கிடைக்கும்.

ஆனால் எல்லா இலக்கையும் ஏப்ரல்-மார்ச் என்று அடைக்கத் தேவையில்லை. ஸ்கூல் ஃபீஸ் ஜூனில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், ஏப்ரலில் சேர்க்கத் தொடங்கினால் இரண்டு மாதத்தில் என்ன சேரும்? அதற்கு ஜூன் தொடங்கி மே வரை என்று தனி வருஷம். தீபாவளிச் செலவுக்கு ஐப்பசி தாண்டிய மறுமாதமே அடுத்ததைத் தொடங்கிவிடலாம். நோட்டு ஒன்று, இலக்கு ஒவ்வொன்றுக்கும் முடியும் மாதம் வேறு.

எதில் எழுதுவது

நோட்டு, ஷீட், ஆப். மூன்றுக்கும் தீவிர ரசிகர்கள் உண்டு. எது துல்லியம் என்று பார்த்து எடுப்பதைவிட, இருவரில் கணக்கில் ஆர்வம் குறைவானவர் எதைத் தானாகத் திறப்பார் என்று பார்த்து எடுங்கள்.

ஆப் பார்க்க நன்றாக இருக்கும். பேங்க் எஸ்.எம்.எஸ்.ஸைப் படித்துத் தானே பிரித்துப் போடும். ஆனால் நம் வீட்டுச் செலவு நடக்கும் விதத்துக்கு அது பாதிதான் பொருந்துகிறது. யு.பி.ஐ.யில் காய்கறிக் கடைக்குப் போட்டால் கடைக்காரர் பெயர்தான் வரும், அவர் வெங்காயம் விற்றாரா பிளம்பிங் வேலை செய்தாரா என்று ஆப்புக்குத் தெரியாது. யு.பி.ஐ. லைட்டில் பத்து ரூபாய், இருபது ரூபாயாகப் போவது பேங்க் பாஸ்புக்கில் தனித்தனியாக வருவதே இல்லை, லைட்டில் பணம் ஏற்றிய வரி மட்டும்தான் நிற்கும். கணவர் மனைவிக்கு அனுப்பியதைச் செலவு என்று எழுதிக்கொள்ளும், மனைவி போனில் அதே பணம் வரவாக நிற்கும். இதையெல்லாம் உட்கார்ந்து திருத்துவதற்கு நோட்டில் எழுதிவிட்டே போகலாம். அதோடு நம் எஸ்.எம்.எஸ். முழுவதையும் யாரோ ஒருவரிடம் திறந்து வைக்கிறோம். ஆப் எத்தனை நாள் இருக்கும் என்பதும் நம் கையில் இல்லை, அமெரிக்காவில் ஏகப்பட்ட குடும்பங்கள் பயன்படுத்திய மின்ட் என்ற செலவுக் கணக்கு ஆப்பையே 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். எங்கே பணம் கசிகிறது என்று தெரியாமல் தவிப்பவர்கள் இரண்டு மூன்று மாதம் பயன்படுத்திவிட்டு எடுத்துவிடலாம், நிரந்தரத் துணையாக அது வேண்டாம்.

கூகுள் ஷீட்டுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. போன வருஷம் இதே மாதம் எங்கே இருந்தோம் என்பதை ஒரே நொடியில் காட்டும், இரண்டு போனிலும் ஒரே கணக்கு நிற்கும். கணவர் வெளிநாட்டில், மனைவி இங்கே என்று இருக்கும் குடும்பங்களுக்கு இதைவிட்டால் வழியில்லை, யோசிக்கவே வேண்டாம். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அதில் ஒரு தொல்லை. ஷீட்டைச் செய்தவர் அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார். கலர் போட்டு, ஃபார்முலா போட்டு, எட்டு டேப் திறந்து வைப்பார். மற்றவர் ஒரு தடவை திறந்து, சின்னப் போன் திரையில் இழுத்து இழுத்துப் பார்த்து, எதையாவது அழித்துவிடப் போகிறோம் என்று பயந்து மூடிவிடுவார். அப்புறம் மாதாமாதம் ஒருவர் அறிக்கை வாசிப்பார், ஒருவர் தலையாட்டுவார். சேர்ந்து கணக்குப் பார்ப்பது என்பது அது இல்லை.

நோட்டு பழைய வழிதான். கூட்டல் பிழை வரும், காப்பி கிடையாது. ஆனால் சமையலறை அலமாரியில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், பத்தாவது படிக்கும் பிள்ளைகூடப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். நான் சொல்லும் பக்கம் இப்படி இருக்கும்: இடது ஓரத்தில் ஐந்தே வரி. ஃபீஸ் 60,000, மே. வளையல் மீட்பது 80,000, ஜனவரி. தீபாவளி 30,000, அக்டோபர். அவசரப் பணம் 40,000, மார்ச். மொய் 20,000, வருஷம் முழுக்க. வலது பக்கம் பன்னிரண்டு கட்டம், ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதிக்குக் கையில் எவ்வளவு இருக்கிறது என்ற ஒரே எண். போன மாதத்தைவிட எண் குறைந்தால் ஏன் என்று பக்கத்திலேயே நாலு வார்த்தை: "மாமா ஆஸ்பத்திரி", "வண்டி கிளட்ச்". வருஷக் கடைசியில் அந்த நாலு வார்த்தைகள்தான் அடுத்த வருஷத்துக்கு வழி காட்டும். மேலே உள்ள ஐந்தையும் கூட்டினால் 2,30,000, மாதத்துக்கு 19,000-க்கு மேல். மாதம் 15,000 போடுகிற வீட்டில் இது நடக்காது என்று அந்தப் பக்கமே முதல் நாளில் சொல்லிவிடும். அப்போது பண்டிகை போனஸை எதில் போடுவது, எதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவது என்று பேசியே ஆக வேண்டும். அந்தப் பேச்சு நடப்பதற்காகத்தான் இந்த நோட்டு.

மொய்யை ஏன் இலக்காக எழுதச் சொல்கிறேன் என்றால், அது வரும் என்று முன்பே தெரிந்த செலவு. பழைய மொய் நோட்டை எடுத்துப் புரட்டினால் நம் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்று இருக்கும், அதில் யார் வீட்டில் இந்த வைகாசி, ஆவணி, தையில் கல்யாணமோ காதுகுத்தோ வருகிறது என்று மனைவியையோ மாமியாரையோ கேட்டால் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது கடன் மாதிரிதான், தள்ளிப்போட முடியாது.

ஆக, ஒரே ஊரில் இருந்தால் நோட்டு, பிரிந்திருந்தால் ஷீட். நோட்டுப் பக்கத்தை மாதாமாதம் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் காப்பி இல்லை என்ற குறையும் போச்சு.

எதில் சேர்ப்பது

ஒரு வருஷத்துக்குள் முடியும் இலக்குக்கு பேங்க் ஆர்.டி. போதும். பல பேங்குகளில் ஆறு மாதத்திலிருந்தே போடலாம், இலக்குக்கு ஒன்று என்று நாலு ஆர்.டி. தொடங்க பேங்க் ஆப்பில் பத்து நிமிஷம். சம்பளம் 1-ம் தேதி என்றால் ஆர்.டி. 3-ம் தேதி என்று வைத்துவிடுங்கள். வட்டி பெரிதாக இருக்காது, இருக்கவும் வேண்டாம், பணம் கண்ணில் படாமல் இருப்பதுதான் இங்கே வேலை.

போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. நம்பிக்கையானது, வட்டி 6.7 சதவீதம். மாதம் 5,000 போட்டால் ஐந்து வருஷத்தில் சுமார் 3.56 லட்சம். ஆனால் அது ஐந்து வருஷத் திட்டம், மூன்று வருஷம் ஆகாமல் மூட முடியாது, அதற்கப்புறம் இடையில் மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். ஒரு வருஷ இலக்கை அதில் போடுவது தப்பு. வண்டி, வீட்டு முன்பணம் மாதிரி நாலைந்து வருஷ விஷயத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏலச்சீட்டைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசலாம். ஆர்.டி.யை நிறுத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள், சீட்டுப் பணம் கட்டாவிட்டால் வீட்டு வாசலில் ஆள் நிற்கும்; அந்தக் கட்டாயம் சிலருக்கு வேண்டியிருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். நடுவில் அவசரம் என்றால் ஏலத்தில் ஒரு தொகையைக் கழிவாக விட்டுக்கொடுத்துச் சீட்டை எடுக்கலாம் என்பதும் ஆர்.டி.யில் இல்லாத வசதி. ஆனால் முன்னால் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்குத்தான் சேமிப்பு, நடுவில் எடுப்பவருக்கு இரண்டும் கலந்தது. கழிவு மாதாமாதம் மாறுவதால் கட்டும் தொகையும் மாறும். பதிவு பெற்ற சீட்டு 1982-ம் வருஷச் சிட் ஃபண்ட் சட்டத்துக்கு உட்பட்டது, நடத்துபவர் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெருவில் தெரிந்தவர் நடத்தும் பதிவில்லாத சீட்டில் அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஃபீஸ் பணத்தையும் அவசரப் பணத்தையும் எந்தச் சீட்டிலும் போடாதீர்கள். எல்லாம் போக மிச்சமிருந்தால், பதிவு பெற்ற இடத்தில், கணவனும் மனைவியும் சேர்ந்து போய்ப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

நகைக்கடைச் சேமிப்புத் திட்டம் நகை வாங்குவதற்கு மட்டும். அது பெரும்பாலும் 11 மாதம் என்று இருப்பதற்குக் காரணம், பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதி. பேங்க் டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் வரையிலான காப்பீடு இதற்குக் கிடையாது, பணமாகத் திரும்பக் கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. செய்கூலி, சேதாரத்தில் என்ன தள்ளுபடி என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு சேரலாம்.

பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆகவில்லை என்றால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தை விட்டுவிடாதீர்கள், 2024 ஜனவரியிலிருந்து வட்டி 8.2 சதவீதம், வருஷத்துக்கு 250 ரூபாய் இருந்தாலே கணக்கு உயிரோடு இருக்கும். பி.பி.எஃப். 7.1. இரண்டும் நீண்ட காலம், வருஷ இலக்குப் பக்கத்தில் "போட்டாச்சு" என்று ஒரு டிக் போதும்.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று. அடகில் நகை இருக்கும் வீட்டில் ஆர்.டி. போடுவதும் நகைச்சீட்டு கட்டுவதும் தலைகீழ் வேலை. பேங்க் நகைக்கடன் வட்டியே ஆர்.டி. வட்டியைவிடக் கூடுதல், தனியாரிடம் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அங்கே வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைப்பதை நிறுத்தி, மாதாமாதம் அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள். பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள். ஃபீஸ், அவசரப் பணம் இரண்டுக்கும் கொஞ்சம் போட்டுவிட்டு மிச்சம் முழுவதும் அங்கே போகட்டும். அதை முடித்த வருஷம்தான் மற்ற இலக்குகளுக்கு உண்மையான முதல் வருஷம்.

மாதம் ஒரு நாள், அக்டோபரில் ஒரு நாள்

மாதாமாதம் பார்ப்பதற்கு 10-ம் தேதிக்குப் பிறகு வரும் ஞாயிறு காலை. அதற்குள் ஆர்.டி., இ.எம்.ஐ. எல்லாம் போய்விட்டிருக்கும், எண் தெளிவாக இருக்கும். இரவு பதினோரு மணிக்கு வேண்டாம், களைப்பில் பேசும் பணப்பேச்சு எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். "என்னங்க, ஃபீஸுல எவ்வளவு நிக்குது?" என்று அவர் கேட்டு, இவர் பேங்க் ஆப்பைத் திறந்து பார்த்துச் சொல்ல, அவரே எழுத வேண்டும். அடுத்த மாதம் ஆள் மாறி, இவர் கேட்டு இவர் எழுத வேண்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் போனால் செலவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், நிறுத்திவிட்டு டிபன் சாப்பிடுங்கள்.

அக்டோபர் பாதி வருஷம். வீட்டு வரியின் இரண்டாவது அரையாண்டு, பண்டிகை போனஸ் எல்லாம் அதை ஒட்டி வரும். அன்றைக்கு ஒவ்வொரு வரிக்கும் பாதி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிக்குப் பாதிகூட வராத இலக்கை மார்ச் வரை இழுத்துக்கொண்டு போய் மனம் சலிப்பதைவிட, தொகையைக் குறைக்கலாம், அல்லது அடித்துவிட்டு அந்தப் பணத்தை முடியும் நிலையில் உள்ள இன்னொன்றில் சேர்க்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

மார்ச் கடைசி ஞாயிறு அந்த வருஷத்தின் கடைசிக் கட்டத்தை நிரப்பும்போது, ஒவ்வொரு கணக்கிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 2025 நவம்பரிலிருந்து ஒரு பேங்க் கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம் என்று வந்திருக்கிறது. ஜாயின்ட் அக்கவுன்ட்டாக இருந்தால், இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக எடுக்கலாம், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் தொடரலாம் என்ற வகையில் இருக்கிறதா என்று பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் பார்க்கலாம். இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தால், ஏப்ரல் பிறந்ததும் ஒரு நாள் பேங்குக்குச் சேர்ந்தே போய் மாற்றிக்கொண்டு வாருங்கள்.